காப்புக் கட்டியவன்

7

ஆவணி மாதத்து உச்சிவெயிலில், கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிற பஸ்ஸில், ஒருவன் கழுத்துவரை கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வேறு சீமையாக இருந்தால் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வைத்தியம் சொல்வார்கள்.

"காச்சலா தம்பி? இறங்குனதும் சுக்குக்காப்பி வாங்கிக் குடி."

"சுக்குக்காப்பிக்கெல்லாம் கேக்காதுக்கா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு பாரு. ஊசிதான்."

"வேர்க்குதே! அப்ப காச்சல் விட்ருச்சு. சால்வைய எடுத்துரு தம்பி."

இரண்டு வரிசை பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகாலட்சுமி மூன்றாவது வைத்தியத்தைக் கேட்டதும் முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சால்வைக்குள் இருந்தது காய்ச்சல் இல்லை. வெடிகுண்டு. அந்த விஷயம் அந்த பஸ்ஸில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவன் அதைக் கட்டியிருக்கும் வேல்பாண்டி, இன்னொருத்தி தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் இருந்த 'வாஹித் துப்பறியும் நிலைய'த்தில் மகாலட்சுமி சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பு எஸ்.டி.டி. பூத்தில் இருந்தாள். ஊரார் பேச்சைக் காதில் வாங்கியே காலம் தள்ளியவள் என்பதால், இந்த வேலை அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. நிலையத்தின் முதலாளி அப்துல் வாஹித் உத்தமபாளையத்துக்காரர். ஆயுள் காப்பீட்டில், இறந்தவர்கள் வீட்டுக்குப் போய் எப்படி இறந்தார்கள் என்று விசாரிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றாள். பெயர் ராக்கம்மாள். கூடலூருக்குக் கிழக்கே ஓடைக்கரைப்பட்டி.

"என் தம்பியக் காங்கல. பேரு வேல்பாண்டி. டுடோரியல்ல வாத்தியாரு."

"எத்தனை நாளா?" என்றார் வாஹித்.

"நேத்து ராத்திரியிருந்து. ஆனா ஒரு மாசமாவே அவன் எங்க வீட்ல இல்ல பாய். சோறு திம்பான், சிரிப்பான், ஆள் இருக்க மாட்டான். முந்தாநாளு என் கால்ல விழுந்தான். என்னடானு கேட்டா, 'காப்புக் கட்டியாச்சுக்கா, இனி ஒண்ணும் என் கையில இல்ல'ங்கான். கையில மஞ்சக் கயிறு. எங்க ஊர் அம்மனுக்கு வைகாசியிலேயே திருவிழா சாட்டி முடிஞ்சு போச்சு. ஆவணியில என்னா காப்பு?"

"யாரு கட்டிவிட்டது?"

"வைகுண்டராஜ்னு ஒருத்தனாம். நான் பார்த்ததில்ல. தண்ணிக்காகப் போராடுற நீர்க்காவல் படையாம். ஆனா ஒண்ணு சொல்றேன், அவன் நம்ம பக்கத்து ஆளு இல்ல. காப்புக் கட்டுனவன் ஊர் எல்லையத் தாண்ட மாட்டான். இவனத் தாண்ட விட்ருக்கான். கட்டத் தெரிஞ்சிருக்கு, அதோட முறை தெரியல."

வாஹித் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்தால் விஷயம் இருக்கிறது என்று மகாலட்சுமிக்குத் தெரியும்.

மறைக்காமல் இன்னொன்றையும் ராக்கம்மாள் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீருக்காக நடந்த மறியலில் தடியடி நடந்தபோது வேல்பாண்டி ஓடிவந்துவிட்டான். கூட இருந்த சிநேகிதன் தங்கபாண்டிக்கு ஒரு கண் போயிற்று. அன்றிலிருந்து டீக்கடையில் இவன் உட்கார்ந்தால் எவனாவது ஒருத்தன், "பாத்துய்யா, வாத்தியார் ஓடிறப் போறாரு" என்பான். கடையே சிரிக்கும். தங்கபாண்டி மட்டும் சிரிக்க மாட்டான். அதுதான் வேல்பாண்டிக்குத் தாங்கவில்லை.

அடுத்த வேலை போஸ்டர் தேடுவது. அது வாஹித்தின் மூளை. "ஒரு மனுசன் கால்ல விழுந்து விடைபெற்றான்னா, வேற எங்கனயோ அவன் போட்டோவைப் பெருசு பண்ணியிருப்பாக" என்றார். பள்ளத்தாக்கில் பெரிய போஸ்டர் அடிக்கிற அச்சகங்கள் கொஞ்சம்தான். சின்னமனூரில் இரண்டாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. ஈரம் காயாத போஸ்டரில் வேல்பாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். கண்ணீர் அஞ்சலி. குமுளி மண்ணில் வித்தான மாவீரன். தேதி, அன்றைய தேதி.

"மெட்ராஸ் பேச்சுப் பேசுற ஆளு ஆர்டர் கொடுத்தாரு. இந்தப் பையனே வந்து தன் போட்டோ சரியா இருக்கானு பாத்துட்டுத்தான் போனான். சினிமா சூட்டிங்கோனு நெனச்சேன்" என்று அச்சகக்காரர் கையைப் பிசைந்தார். ராக்கம்மாள் அந்தப் போஸ்டரை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அச்சகத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குமுளியில் அன்று மத்தியானம் இரண்டு மாநில அதிகாரிகளும் தண்ணீர் விஷயமாகப் பேச உட்காருகிறார்கள். அது பேப்பரிலேயே வந்திருந்தது.

"பணம் எவ்வளவு பேசியிருப்பான் பாய், இந்த வைகுண்டராஜ்?" என்றாள் மகாலட்சுமி.

"பணமா? ஏத்தா, இருபது வருசம் செத்தவன் வீட்டு வாசல்ல நின்னு கேள்வி கேட்டவன் நான். பணத்துக்காகச் சாகிறவன் விபத்து மாதிரிச் சாவான். தானே செத்தான்னு தெரிஞ்சா வீட்டுக்குக் காசு வராதுல்ல? இவன் போஸ்டர் அடிச்சுட்டுப் போறான். இவனுக்கு வேண்டியது வேற."

"அப்ப கிறுக்கா?"

"கிறுக்கனை எவனும் வேலைக்கு வைக்க மாட்டான். நேரத்துக்கு பஸ் ஏறணும், சரியான எடத்துல இறங்கணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். நிதானமான ஆளாத்தான் பொறுக்கியிருப்பான். எங்க வலிக்குதுன்னு பாத்து அங்கன கை வச்சிருக்கான். ஓடிப்போனவன்னு பேரு வாங்குனவனுக்கு மாவீரன்னு போஸ்டர். சொல்லு, தன் அஞ்சலிப் போஸ்டரைத் தானே பார்த்தவன் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போவான்?"

"இவ்வளவு வீரம் பேசுற வைகுண்டராஜ் தானே போகலாம்ல?"

"முதலாளி கடையிலதான் உட்காருவான். மூட்டைதான் லாரியில போகும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாஹித் பாய் தப்புப் பண்ணிவிட்டார். அதை அவர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

குமுளிக்குப் போகிறவன் எப்படியும் வந்தாக வேண்டிய கம்பம் பஸ் ஸ்டாண்டில், போஸ்டரில் பார்த்த அதே முகம், அதே மீசை, முறுக்கு மட்டும் இல்லாமல், உச்சிவெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு பஸ் ஏறியது. சால்வைக்குள் வெடிகுண்டு என்று வாஹித்துக்கு அப்போதே புரிந்துவிட்டது. போலீஸ் பாய்ந்து பிடித்தால் பிடிக்கும்போதே பொத்தானை அமுக்கிவிடுவான், அக்காவைப் பார்த்தாலும் கை பதறும். ஆகவே மகாலட்சுமி ஏறினாள். வாஹித், ராக்கம்மாளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கோ பறந்தார். எங்கே என்று சொல்லவில்லை. "நான் வர்றவரைக்கும் அவனைக் கண்ணால தின்னுக்கிட்டிரு" என்றார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வேல்பாண்டிக்கு நேர் பின் இருக்கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், மடியில் பன்னீர் திராட்சைக் கூடை. கம்பத்தில் வாங்கியதை முன்னும் பின்னும் எல்லோருக்கும் கொத்துக் கொத்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகாலட்சுமிக்கும் ஒரு கொத்து வந்தது. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டாள். பயத்திலும் அவளுக்குப் பசிக்கும்.

கூடலூரில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இடுக்கில் நுழைந்து, பிடிக்கக் கம்பி கிடைக்காமல் தள்ளாடி, நம் ஊர்ப் பஸ்களில் எல்லாத் தாய்மாரும் செய்வதைச் செய்தாள்.

"கொஞ்சம் வச்சுக்கங்கண்ணே" என்று குழந்தையை வேல்பாண்டியின் மடியில் வைத்துவிட்டாள்.

வேல்பாண்டியின் வலது கை சால்வைக்குள்ளேயே இருந்தது. இடது கையால் குழந்தையைப் பிடித்தான். பிடித்தவன் வயிற்றோடு அணைத்துக்கொள்ளவில்லை. முழங்கால் நுனிக்குத் தள்ளி, முன் இருக்கையோடு ஒட்டி, எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருந்தான். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"குடுங்கண்ணே, இங்கன ஜன்னக்காத்து வரும் பிள்ளைக்கு" என்று மகாலட்சுமி எழுந்து எட்டி வாங்கிக்கொண்டாள். கொடுக்கும்போது அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்தாள். சாகத் துணிந்தவன் முகத்தில் நிம்மதிக்கு என்ன வேலை?

லோயர் கேம்ப்பில் பஸ் நின்றது. கண்டக்டர் ஜெபமணி கதவில் தட்டினார். "லோயர் கேம்ப் டிக்கெட்லாம் இறங்கு! சார், நீங்க லோயர் கேம்ப்தான வாங்குனீக?"

"இல்லப்பா, குமுளிக்கே போயிடறேன். இன்னொரு டிக்கெட் கொடு" என்றார் திராட்சைக்காரர்.

பஸ் மலை ஏறியது. முதல் திருப்பத்தைத் தாண்டி இரண்டாவதில் மூக்கை நுழைத்தபோது எதிரே ஒரு லாரி ரோட்டை அடைத்துக் குறுக்கே நின்றது. பின்னால் அதற்குள் ஜீப்பும் வேனும் சேர்ந்துவிட்டன. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் சரிவு, கீழே ஓடை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் ஆனதும் பஸ்ஸுக்குள் வெக்கை தாங்கவில்லை. மடியில் யாரோ பெற்ற பிள்ளை, இரண்டு வரிசை முன்னால் வெடிகுண்டு. இன்றைக்கு இந்தத் தகரப் பெட்டிதான் நமக்குச் சமாதி என்று மகாலட்சுமிக்குத் தோன்றியது. அம்மாவிடம் சொல்லாமல் வந்ததை நினைத்து அழுகை முட்டியது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தொப்பி தெரிந்தது. வாஹித் பாய்.

"அழாத. வெளிய பாக்குற மாதிரி என்னைப் பாரு" என்று முணுமுணுத்தார்.

"லாரி வேற குறுக்க நின்னு கழுத்தறுக்குது பாய்."

"நிக்கத்தான் செய்யும். நான்தான் நிக்கச் சொன்னேன். டிரைவர் சேக் பரீத் என் மச்சினன். எதுக்குன்னு கேக்காம ஒரு வேலை செஞ்சிருக்கான், அல்லா அவனுக்கு நல்லது செய்யட்டும். மேல அதிகாரிககிட்ட இவன் போகக் கூடாதுல்ல? சரி, என்னத்தப் பார்த்தே?"

அவள் குழந்தையைப் பற்றிச் சொன்னாள்.

"அவனுக்குச் சாக ஆசையில்ல. திரும்பி வர வழி தெரியல. போறதுக்கு அவனுக்கு ஒரு செலவும் இல்லத்தா, வர்றதுக்குத்தான் பெருஞ்செலவு. ஓடிவந்தவன்னு இன்னொரு தடவ பேரு வாங்கணும். புத்தி சொல்லி இறக்க முடியாது. மிரட்டியும் இறக்க முடியாது. மானத்தோட இறங்க ஒரு படி போட்டுக் குடுக்கணும்."

"என்ன படி?"

"கேதம். சாவுச் சேதி."

"யாருக்கு?"

"அவன் சித்தப்பன் ஒச்சாண்டி. பிள்ளை இல்லாத மனுசன், கொள்ளி வைக்க இவன்தான். பங்காளி செத்தா காப்பு நிக்குமா?"

"நிக்காது. தீட்டுல்ல! அவிழ்த்துற வேண்டியதுதான்."

"எத்தனை கையால அவிழ்ப்பாக?"

மகாலட்சுமிக்குப் புரிந்தது. ஆண்களுக்குக் காப்புக் கட்டுவது வலது மணிக்கட்டில். இடது கை அதை அவிழ்க்க வேண்டுமானால் வலது கை சால்வையை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

"அவிழ்த்த காப்பை எங்கன போடுவாக?"

"ஓடுற தண்ணியில... பாய்! கீழ ஓடை!"

"பஸ்ஸை விட்டு அவனே இறங்கி நடப்பான். அங்கன ஆள் வச்சிருக்கேன்."

"எல்லாம் சரி. உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கேதம் சொன்னா என் வாய் அழுகிப்போகும் பாய். அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்ல."

"அனுமதி வாங்கியாச்சு."

"யாருகிட்ட?"

"செத்தவருகிட்ட" என்று சொல்லிவிட்டுத் தொப்பி மறைந்தது.

மகாலட்சுமி குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். எஸ்.டி.டி. பூத்தில் எத்தனையோ பேர் கேதம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்குள் நின்று, "போயிட்டாக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்தபடி அழுவார்கள். அந்த அழுகைகளெல்லாம் இப்போது அவளுக்குத் தொண்டையில் வந்து நின்றன. நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏலே வேல்பாண்டி! நீ ஓடைக்கரைப்பட்டி வேல்பாண்டிதான? இங்கனயா உக்காந்திருக்க? ஊரெல்லாம் உன்னியத் தேடுதுடா! உங்க சித்தப்பன் போயிட்டாகளேடா!"

வேல்பாண்டி திரும்பினான். கண் இரண்டும் அகலமாகத் திறந்திருந்தன.

"யாரு... ஒச்சாண்டிச் சித்தப்பனா?"

"காலையில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாகளாம், எந்திரிக்கல. உங்க அக்காதான் எல்லாப் பக்கமும் சொல்லிவிட்ருக்கு. கொள்ளி வைக்க நீ வந்தாத்தான் எடுப்பாக."

"நான்... நான் வர முடியாதுக்கா."

"ஏன்டா முடியாது? பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்த மனுசனை அநாதையாவா எரிப்பாக?"

சால்வைக்குள் வலது கை அசைந்தது. மகாலட்சுமி மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். பாயுடைய அல்லாவையும் விடவில்லை.

அப்போது பின் இருக்கையிலிருந்து திராட்சைக்காரர் எழுந்து, வேல்பாண்டியின் தோளில் கை வைத்தார். குரல் அதே இனிப்புக் குரல்.

"தம்பி, மனசைத் தளர விடாதே. காப்புக் கட்டினவன் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. தெய்வக் குத்தம்."

மகாலட்சுமியின் அழுகை பாதியில் நின்றது.

காப்பா? அவள் காப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கயிறு கட்டிய கை கம்பத்திலிருந்து சால்வைக்குள் இருக்கிறது. இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? லோயர் கேம்ப்பில் இறங்க வேண்டியவர் ஏன் இறங்கவில்லை? குழந்தையை மடியில் வைத்தபோது வேல்பாண்டி கண்ணை மூடியதை இவரும் பார்த்திருக்கிறார். பாய் சொன்ன மூட்டை திரும்பிவிடும் என்று பயந்து, முதலாளி வைகுண்டராஜே அதோடு வண்டி ஏறிவிட்டார்!

அவள் வாய் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"ஆத்தாமாரே, நீங்களே சொல்லுங்க! சொந்தச் சித்தப்பன் செத்துக் கெடக்காக. காப்புக் கட்டியிருந்தா போகக் கூடாதாமே?"

பஸ்ஸே ஒரு பஞ்சாயத்தாக மாறியது. யாருக்கு எதைத் தீர்ப்புச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"யாருய்யா அது சொன்னது? ஊரான் கேதத்துக்குத்தான் போகக் கூடாது. பங்காளி செத்தா இவன் கையிலயே தீட்டு வந்துருச்சே!" என்றாள் சுக்குக்காப்பி.

"தீட்டோட காப்பை வச்சிருந்தாத்தான் அம்மனுக்கு ஆகாது. கட்டுன வேண்டுதலே செல்லாது. அவிழ்த்துத் தண்ணியில விட்டுட்டுப் போ தம்பி" என்றாள் ஊசி.

"எங்க அண்ணன் தீச்சட்டி எடுக்கப் போறன்னைக்கு இப்பிடித்தான். சட்டிய எறக்கி வச்சுட்டு வந்து கொள்ளி வச்சான். ஒரு பய ஒரு வார்த்த சொல்லலையே!"

"அதெல்லாம் மூட நம்பிக்கைம்மா. வாக்குன்னா வாக்கு" என்றார் வைகுண்டராஜ். இனிப்பு குறைந்திருந்தது. தோளில் இருந்த விரல்கள் இறுகின.

"கயிறு கட்டுறது நம்பிக்கையாம், அவிழ்க்குறது மூட நம்பிக்கையாம்! எந்த ஊருய்யா நீ?" என்று கண்டக்டர் ஜெபமணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எழவுக்குப் போறவனைத் தடுக்கிறியே, நீ மனுசனா? கையை எடு மொதல்ல!"

வேல்பாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். டீக்கடையில் சிரித்த முகங்கள் போன்ற முகங்கள்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. போ, போ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஓடிப்போகிறான் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சால்வைக்குள்ளிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். இடது கை முடிச்சைத் தேடியது. ஒற்றைக் கைக்கு முடிச்சு அவிழவில்லை.

"பல்லால கடிச்சுரு தம்பி" என்றாள் சுக்குக்காப்பி.

அவன் கடித்தான். கயிறு அறுந்தது.

வைகுண்டராஜ் பின் படிக்கட்டை நோக்கி நழுவினார். படியில் சேக் பரீத் நின்றுகொண்டிருந்தார். ஏலக்காய் மூட்டை சுமந்து வளர்ந்த உடம்பு. "குமுளி டிக்கெட் இருக்குல்ல சார்? உக்காருங்க, போகலாம்" என்றார். போலீஸ் வரும்வரை அவர் படியை விட்டு நகரவில்லை.

ஓடைக் கரையில் வேல்பாண்டி கயிற்றைத் தண்ணீரில் விட்டான். அது ஒரு கல்லில் சிக்கி, சுற்றி, பிறகு போய்விட்டது. அவன் மகாலட்சுமியைப் பார்க்காமலே சொன்னான்.

"தள்ளி நில்லுக்கா. என் உடம்புல ஒண்ணு கட்டியிருக்கு."

"தெரியும்டா."

வாஹித் கூட்டிவந்திருந்த ஆள் பட்டாளத்தில் வெடிமருந்துப் பிரிவில் இருந்தவர். அவர் அதை எப்படிக் கழற்றினார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு எவனாவது கை வைப்பான். கழற்றி முடிக்கும்வரை வேல்பாண்டி இரண்டு கையையும் தூக்கியபடி அசையாமல் நின்றான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்கன? சித்தப்பனை எடுத்துருவாக" என்பதுதான்.

மகாலட்சுமியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, உங்க சித்தப்பனுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். கயிறு போன இடத்தையே பார்த்தான்.

"அப்ப அவிழ்த்தது செல்லாது" என்றான் மெதுவாக. "அப்ப நான் மறுபடியும் ஓடி வந்தவன்தான?"

வாஹித் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "உனக்குக் கயிறு கட்டுனவன் பொழப்பு என்ன தெரியுமாப்பா? அரிசி கடத்துறது. லாரி ஓட்டுற என் மச்சினன் மூஞ்சியப் பார்த்ததுமே சொல்லிட்டான். மேல குண்டு வெடிச்சா எல்லைய மூடுவாக. மூடுனா காட்டு வழி தெரிஞ்சவன் வச்சதுதான் விலை. தண்ணி அவன் தாகத்துக்கு இல்ல."

அவன் காதில் அது விழவே இல்லை. புத்தி சொல்லி இறக்க முடியாது என்று பஸ் ஜன்னலோரம் நின்று சொன்னவரும் வாஹித்தான். அவர் மேலே ரோட்டைப் பார்த்துக் கையை அசைத்தார்.

ஒரு ஜீப்பிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, சரிவில் தடுமாறி வந்தார். கழுத்தில் ரோஜா மாலை. நெற்றியில் ஒட்டிவைத்த ஒரு ரூபாய்க் காசு. உடம்பெல்லாம் மஞ்சள் வாசனை. அவருக்குப் பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு ராக்கம்மாள்.

"எவன்டா சொன்னது நான் சாகலைன்னு?" என்று கத்தினார் ஒச்சாண்டி. "ஊர்ல சங்கு ஊதியாச்சு. பந்தல் போட்டாச்சு. நம்ம பங்காளிக அத்தனை பேரும் துண்டைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்காக. உங்க அக்கா வச்ச ஒப்பாரியில எனக்கே அழுகை வந்துருச்சு, கண்ணத் தொடைக்க முடியாமக் கட்டையாக் கெடந்தேன். காப்பு அவிழ்த்தது செல்லாதுன்னு எவன் சொல்லுவான்? ஊரே ஒத்துக்கிட்ட சாவுடா இது!"

"சித்தப்பா..."

"பேசாத. பதினாறு கழியிறவரைக்கும் நான் பொணம், நீ தீட்டுக்காரன். ரெண்டு பேருக்கும் எங்கனயும் போக உத்தரவு இல்ல. போலீஸ்காரகளும் எழவு வீட்டுக்கே வந்து கேக்கட்டும். பதினாறாம் நாளு தங்கபாண்டிதான் உனக்குத் தலைப்பா கட்டப் போறான். அவனைத்தான் மொத ஆளாக் கூப்பிட்டேன். பந்தல்ல உனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கான். வா, வந்து எனக்குச் செய்ய வேண்டியதச் செய்யி."

வேல்பாண்டியின் முகம் கோணியது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. ஒச்சாண்டியின் நெற்றியிலிருந்த காசு கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை. செத்தவர் தோளில் சாய்ந்துகொண்டு அவன் வாய்விட்டு அழுதான். கேதத்துக்குப் போகிறவன் அழுதால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.